குடியை நிறுத்த உதவும் குழுவைத் தேடுகிறீர்களா? முகவரியிலிருந்து நாற்காலி வரை ஒரு வழிகாட்டி

முதல் தடவை போனபோது கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு எதிரே இருபது நிமிடம் நின்றேன். உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வேலையிலிருந்து நேராக வந்தவர் போல இருந்தார். ஒரு பெண் கைப்பையோடு வேகமாக நடந்து போனார். வாசலில் ஒரு பெரியவர் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மனதில் வைத்திருந்த காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் அன்று உள்ளே போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன், குடித்தேன். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் மறுபடி போனேன். அந்தப் பெரியவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இடையில் போன அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். முகவரியைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. ஆனால் முகவரிக்கும் நாற்காலிக்கும் நடுவில் பலர் நின்றுவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கும், யார் என்ன கேட்பார்கள், எதைச் செய்தாக வேண்டும், எதை மறுக்கலாம் என்று முன்பே தெரிந்தால் அந்தத் தூரம் கொஞ்சம் குறையும்.

தேடுவதற்கு முன்: உடம்பு

தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் உங்கள் முதல் அழைப்பு மருத்துவருக்கு. இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். பல ஆண்டுகள் குடித்துப் பழகிய உடம்பு, குடி திடீரென்று நின்றால் கலவரப்படும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கு மேல் நான்காம் நாள் வரை சிலருக்குக் கடுமையான குழப்பம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என்று போகும். டெலிரியம் டிரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், கர்ப்பமாக இருப்பவர் எல்லோரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சில நாட்கள் மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் கண்காணிப்பில் வைத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

குழுவால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அங்கே இருப்பவர்கள் மருத்துவர்கள் அல்ல, உங்களைப் போன்றவர்கள். நின்ற குடி நின்றபடியே இருக்க உதவுவதுதான் குழுவின் வேலை. மருத்துவரையும் பாருங்கள், குழுவுக்கும் போங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று கணக்குப் போடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கூட்ட நாள் வரை காத்திருக்காமல் இப்போதே அவசர உதவியை அழையுங்கள், பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் பலருக்கு உண்டு. முதலில் குடியை விட்டுவிட்டு, சுத்தமாகி, அப்புறம்தான் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். அன்று குடித்திருந்தால்கூட அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். குடித்திருப்பவர் அன்று பேச வேண்டாம், கேட்டால் போதும் என்று பல குழுக்களில் சொல்வார்கள். அது தண்டனை இல்லை. மறுநாள் நினைத்து வெட்கப்படும்படி எதையாவது பேசிவிடாமல் உங்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

எந்தக் குழு

உலகில் அதிக இடங்களில் இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. சுமார் 180 நாடுகளில் அதன் குழுக்கள் இருக்கின்றன. அது தொடங்கிய கதையை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. அதுவும் ஒரு தேடல்தான்.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் தொழில் விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். குடியை நிறுத்தி அப்போது ஐந்து மாதம். போன காரியம் தோற்றுவிட்டது. ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டது. இன்னொரு பக்கம் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். பணம் கேட்கவில்லை, ஆறுதலும் கேட்கவில்லை. தன்னைப் போலக் குடியோடு போராடுகிற ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். ஒருவர் மாற்றி ஒருவராக அழைத்ததில், மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்திக்க வழி கிடைத்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த அந்த மருத்துவர் மணிக்கணக்காகப் பேசிவிட்டு இரவில்தான் எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்று கணக்கு. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது.

குடியை விட விரும்பும் ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது என்ற அந்த முறைதான் இன்றும் ஏ.ஏ.வின் உயிர். அதற்கு மேல் பன்னிரண்டு படிகள் என்ற ஒரு பாதையும் உண்டு. குடியின் முன் நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் அது தொடங்கும். தன்னைத் தானே கணக்கெடுப்பது, துன்பம் கொடுத்தவர்களிடம் சரிசெய்துகொள்வது, கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று அது போகும்.

இந்தப் படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களும் கூடவே வருகின்றன. நம்பிக்கை இல்லாத பலர் குழுவையே தங்களை விடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார்கள். பிரார்த்தனை இல்லாமலே நடக்கும் ஏ.ஏ. கூட்டங்களும் பல ஊர்களில் உண்டு. இந்த ஒரு சொல்லுக்காக வாசலிலேயே திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழி இல்லாமல் இல்லை. ஸ்மார்ட் ரெக்கவரி 1994-இல் தொடங்கியது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார், உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசலாம். குடிக்கத் தோன்றும் அந்த நிமிடத்தை எப்படிச் சமாளிப்பது என்று தாளில் எழுதிப் பார்ப்பது போன்ற வேலைகள் இருக்கும். லைஃப்ரிங் என்பது மதச்சார்பற்ற இன்னொரு அமைப்பு. பெண்களுக்கென்றே விமன் ஃபார் சோப்ரைட்டி 1970-களிலிருந்து இருக்கிறது. ஆனால் இவற்றின் நேரடிக் கூட்டங்கள் ஏ.ஏ. அளவுக்கு எல்லா ஊரிலும் கிடைக்காது, இணையத்தில்தான் அதிகம்.

எது பலன் தரும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், நோயாளிகளை முறைப்படி தயார்செய்து ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை, மற்ற உளவியல் சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தந்தது என்பது அதன் முடிவு. மற்றவை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கூட்டங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், அவ்வளவுதான்.

தேடும் வழி

முதல் வழி, அந்த அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளம். உங்கள் நாட்டின் ஏ.ஏ. தளத்தைத் திறந்து ஊர் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ கொடுத்தால் கூட்டங்களின் பட்டியல் வரும். ஏ.ஏ.வின் பொதுச் சேவை அலுவலகம் மீட்டிங் கைடு என்ற இலவச செயலியையும் நடத்துகிறது. உங்கள் பகுதி அதில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் கூட்டங்களைத் தூரத்தோடும் நேரத்தோடும் காட்டும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் குழு அல்ல. கட்டணம் வாங்கும் சிகிச்சை மையங்கள் உதவி எண் என்ற பெயரில் விளம்பரம் வைத்திருப்பதுண்டு. எடுத்தவுடன் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டால் நீங்கள் அழைத்தது ஏ.ஏ. எண் அல்ல. ஏ.ஏ.வுக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது, யாரிடமும் பணம் கேட்டு அனுமதிப்பதும் கிடையாது. சிகிச்சை மையம் தேவைப்பட்டால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள், ஏமாந்து போய்ச் சேர வேண்டாம்.

இரண்டாவது வழி தொலைபேசி. என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. பல ஊர்களில் ஏ.ஏ. உதவி எண்ணில் பேசுகிறவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அல்ல, குடியை நிறுத்திய ஓர் உறுப்பினர். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் அழைப்பதில்லை. ஒரே வாக்கியம் போதும்: "எனக்குக் குடியில் பிரச்சினை இருக்கிறது, இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, பக்கத்தில் எங்கே நடக்கிறது?" பெயர் சொல்ல வேண்டாம். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் இதே வாக்கியத்தைச் சொன்னவராகத்தான் இருப்பார்.

அழைக்கும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் இப்போதும் நடக்கிறதா? கட்டடத்தின் எந்த வாசல், எந்த மாடி? எந்த மொழியில் பேசுவார்கள்? புதியவர் வரலாமா? சக்கர நாற்காலியில் வருகிறவர் என்றால் அதற்கு வழி இருக்கிறதா? யாராவது வாசலில் சந்திக்க முடியுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். பல இடங்களில் உங்களை முதல் கூட்டத்துக்கு அழைத்துப் போகவே ஆள் இருப்பார்கள். 'இப்போதும் நடக்கிறதா' என்ற கேள்வியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பழைய பட்டியலை நம்பி ஒரு மாலை போனபோது பூட்டிய கதவின் முன் நின்றேன். அந்த நிலையில் பூட்டிய கதவு ஒருவரை எங்கே திருப்பி அனுப்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப மருத்துவர், மனநல மருத்துவர், மறுவாழ்வு மையம், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஆகியோரிடமும் கேட்கலாம். இவர்களுக்குப் பட்டியலில் இல்லாத ஒரு விவரம் தெரிந்திருக்கும்: எந்தக் குழு உயிரோட்டமாக இருக்கிறது என்று.

பட்டியலைப் படிப்பது

பட்டியல் வந்ததும் சில சொற்கள் குழப்பும். திறந்த கூட்டம் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். குடும்பத்தினர், நண்பர்கள், மாணவர்கள்கூட வந்து உட்காரலாம். மூடிய கூட்டம் என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களும் தனக்கு அப்படி இருக்குமோ என்று நினைப்பவர்களும் மட்டும். எனக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கிறதா என்று இன்னும் முடிவு செய்யாதவரும் மூடிய கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். நிறுத்தும் விருப்பம்தான் தகுதி, யாரும் சான்று கேட்க மாட்டார்கள்.

பேச்சாளர் கூட்டத்தில் ஒருவரோ இருவரோ தங்கள் கதையை முழுதாகச் சொல்வார்கள். கலந்துரையாடல் கூட்டத்தில் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு முறை வைத்துப் பேசுவார்கள். படிகள் பற்றிய கூட்டம், புத்தகம் படிக்கும் கூட்டம், பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும், இளைஞர்களுக்கு, பால்புதுமையினருக்கு என்றும் உண்டு. புதியவர்களுக்கான கூட்டம் என்று ஒன்று இருந்தால் யோசிக்காமல் அதில் தொடங்குங்கள். பேசவே பயமாக இருப்பவருக்குப் பேச்சாளர் கூட்டம் சுலபம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வழக்கமாக எந்த நேரத்தில் முதல் கோப்பையை எடுப்பீர்களோ அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். கூட்டம் தரும் மற்ற நன்மைகள் மெதுவாக வரட்டும். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பாட்டிலின் பக்கத்தில் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே கிடைக்கிற லாபம்.

தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். அதில் தவறில்லை. உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருந்துவிட்டால்? அவரும் நீங்கள் வந்த அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று கூட்டங்களை நாள், நேரம், வழியோடு எழுதி வையுங்கள். முதலாவது தவறிப்போனால் அடுத்தது கையில் இருக்கும்.

அந்த நாள்

பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற நினைப்பே உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். முன்னதாகப் போனால் நாற்காலி போடுகிறவர்கள்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் "நான் புதிதாக வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கூட்டம் தேவாலயக் கூடத்திலோ பள்ளி அறையிலோ சமூகக் கூடத்திலோ மருத்துவமனையின் ஓர் அறையிலோ நடக்கலாம். குழு அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். தேவாலயத்தில் நடப்பதால் மதக் கூட்டம் ஆகிவிடாது. எந்த மதத்தோடும் கட்சியோடும் நிறுவனத்தோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பில்லை.

பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம். நடத்துகிறவர் தொடக்க உரையைப் படிப்பார். யாராவது பன்னிரண்டு படிகளை வாசிப்பார்கள். புதியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கலாம். விருப்பமிருந்தால் முதல் பெயரை மட்டும் சொல்லுங்கள். 'நான் குடிநோயாளி' என்று சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் முதல் நான்கு கூட்டங்களில் அதைச் சொல்லவில்லை. ஐந்தாவதில் யாரும் கேட்காமலே சொன்னேன்.

அப்புறம் பகிர்தல். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், பதில் சொல்ல மாட்டார்கள், அறிவுரை தர மாட்டார்கள். முதல் தடவை இது விசித்திரமாக இருக்கும். ஒருவர் கண்ணீரோடு பேசி முடிக்கிறார், எல்லோரும் நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகிறார்களே, கல்மனமா என்று தோன்றும். போகப் போகப் புரியும். யாரும் திருத்த மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் வாயிலிருந்து உண்மை வரும். உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு கூடையோ பையோ வரும். அறை வாடகைக்கும் புத்தகங்களுக்கும் உறுப்பினர்களே போடும் பணம் அது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. புதியவர் போட வேண்டியதில்லை, அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். சில குழுக்களில் குடிக்காமல் இருந்த நாட்களுக்கு அடையாளமாக நாணயம் போன்ற ஒரு வில்லை கொடுப்பார்கள்: 24 மணி நேரத்துக்கு, 30 நாளுக்கு, ஓராண்டுக்கு. அந்த முதல் வில்லையை எழுந்து போய் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை சொல்லலாம். நீங்கள் சும்மா நிற்கலாம்.

உங்கள் பெயர் வெளியே போகுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தர வேண்டும். அங்கே வருகைப் பதிவேடு இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும் என்று பல கூட்டங்களில் நினைவுபடுத்துவார்கள். பெரும்பாலானவர்கள் அதை உயிர்போலக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அது உறுப்பினர்களின் வாக்குறுதி. மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ உள்ளதைப் போன்ற சட்டப் பாதுகாப்பு அல்ல. வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம், வேறு ஒருவரின் ரகசியம் போன்றவற்றைப் பொதுவில் சொல்லாதீர்கள். அவற்றுக்கு உரிய ஆளிடம் தனியாகப் பேசுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடத் தோன்றும். ஐந்து நிமிடம் நில்லுங்கள். யாராவது தொலைபேசி எண் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணைத் தர வேண்டும் என்பதில்லை. கூட்டத்தை விட அந்தக் காகிதத் துண்டு சில இரவுகளில் அதிகம் உதவும்.

எந்தக் குழு உங்களுடையது

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்பது சாதாரணம். ஒரு குழு எப்போதும் இறுக்கமாக இருக்கும், இன்னொன்றில் சிரிப்பு இருக்கும், மூன்றாவதில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசுவார். ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு இது எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுவது ஒரு பல் மருத்துவரிடம் போய்விட்டு மருத்துவமே வேண்டாம் என்பது போல. குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் மூன்று வெவ்வேறு குழுக்களில். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். அது விதி அல்ல. ஆனால் தொடக்கத்தில் எவ்வளவு அடிக்கடி போகிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் அனுபவம்.

நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது? பல ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவரும் பத்து நாள் ஆனவரும் அதே அறையில் இருப்பார்கள். புதியவரிடம் யாராவது வந்து பேசுவார்கள். வேலைகள் ஒரே ஆளிடம் தங்கிவிடாமல் கை மாறும். முக்கியமாக, அங்கிருந்து வெளியே வரும்போது போனதை விடக் கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

விலகிப் போக வேண்டிய அடையாளங்களும் உண்டு. மனநல மருந்தை நிறுத்து, அதுவும் போதைதான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேடம் போடக் கூடாது என்று ஏ.ஏ.வே தன் வெளியீட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருந்து விஷயம் உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையில். புதிதாக வந்தவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக் காதல், உடலுறவு என்று நெருங்குபவர்களும் எங்கோ சிலர் இருப்பார்கள். கடன் கேட்பவர், தொழிலில் சேரச் சொல்பவர் வரலாம். சந்தேகம் வந்தால் குழுவில் நீண்ட காலம் இருப்பவரிடம் சொல்லுங்கள், வேறு குழுவுக்கு மாறுங்கள். வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

மனதுக்கு ஒத்த குழு கிடைத்ததும் அதையே உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொண்டு வாராவாரம் போங்கள். ஸ்பான்சர் என்ற சொல் காதில் விழும். படிகளில் உங்களுக்கு முன்னே நடந்த, உங்களுக்குக் கைகொடுக்கும் ஓர் உறுப்பினர் அவர். பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அவர் பேசுவது உங்களுக்கு உறைக்கிறதா, அவரிடம் உண்மை சொல்ல முடியுமா என்று பார்த்துக் கேளுங்கள். முதல் சில வாரங்களுக்கு மட்டும் தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்ளவும் செய்யலாம். மறுத்துவிட்டால் இன்னொருவரைக் கேளுங்கள். பலருக்கு உண்மையிலேயே நேரமில்லை.

நடுவில் மறுபடி குடித்துவிட்டால்? அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வெட்கம்தான் ஆளைத் தடுக்கும், குழு தடுக்காது. ஆக்ரனில் அந்த நீண்ட சந்திப்புக்கு அப்புறம், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் பாப் ஸ்மித் மறுபடி குடித்தார். திரும்பி வந்த பிறகுதான் அந்த ஜூன் 10 வந்தது. நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அதுவரை கற்றது எங்கேயும் போகாது.

குடும்பத்தினருக்கு

குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பதின்வயதினருக்கு அலட்டீன் உண்டு. இந்த நோய்க்கு நான் காரணம் அல்ல, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே முதலில் கற்றுக்கொள்வார்கள். பல ஆண்டுகள் பாட்டிலைத் தேடித் தேடி ஒளித்து வைத்தவருக்கு அந்த மூன்றும் எவ்வளவு பெரிய விடுதலை என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவரைக் கூட்டத்துக்கு வரவைக்க வேண்டுமானால் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தெளிந்திருக்கும் காலையில், திட்டாமல், ஒரு கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கையில் கொடுங்கள். நானும் கூட வருகிறேன் என்று சொல்லித் திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம்.

பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால்

இணையக் கூட்டங்கள் இருக்கின்றன. ஏ.ஏ.வின் இணையக் குழுக்களுக்கென்று தனிப் பட்டியலே உண்டு. காணொளியிலும் தொலைபேசியிலும் பல மொழிகளில், இரவு பகல் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாம், திரையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தனி அறையில் கேளுங்கள், மற்றவர்களின் ரகசியமும் அதில் இருக்கிறது. நள்ளிரவில் கை பரபரக்கும்போது இதைப் போல் உதவுவது வேறில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு தடவையாவது ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார முடிந்தால் அதை விடாதீர்கள். பேருந்தில் ஒரு மணி நேரம் என்றாலும் குடிக்காக அதை விட அதிக தூரம் போயிருக்கிறோம்.

அதுவும் இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்கலாம். குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினால் தங்களை ஏ.ஏ. குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்கிறது அதன் மரபு. யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். உங்கள் நாட்டின் சேவை அலுவலகத்துக்கு எழுதினால் எப்படி நடத்துவது என்று வழி சொல்வார்கள், புத்தகங்களுக்கும் ஏற்பாடு செய்வார்கள். இரண்டாவது ஆளைத் தேட மருத்துவரிடமும் மறுவாழ்வு மையத்திலும் சொல்லி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அறை. யாரும் வராத வாரத்திலும் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பட்டியலில் நேரத்தைச் சரியாகக் கொடுங்கள், மாறினால் அன்றே திருத்துங்கள். நேரமானதும் ஒருவர் வாசலில் போய் நில்லுங்கள். எதிரே யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.